கை சுற்றி வர நேரம் கொடுங்கள்: பார்வைக் குறையுள்ள குழந்தைகளுக்குக் கலை சொல்லித்தரப் புதிதாக வருகிறவர்களுக்கு

முதல் வகுப்பில் நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடம், சனிக்கிழமை காலை, ஒன்பது குழந்தைகள். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு பையன் முன்னால் வெள்ளைத் தாளை வைத்தேன். அவன் விரல்களுக்குள் கிரேயானைத் திணித்து, அவன் கையை என் கைக்குள் அடக்கி, ஒரு யானை வரைந்தேன். தும்பிக்கை, காது, வால் என்று வாயாலும் சொல்லிக்கொண்டே போனேன். முடித்துக் கையை விட்டதும் அவன் தாளை ஒருமுறை தடவினான். விரலுக்கு எதுவும் அகப்படவில்லை. "முடிந்ததா சார்?" என்று கேட்டுவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினான்.

அந்தத் தாளில் அவனுடையது எதுவும் இல்லை. யானை நான் கண்டது. கோடு நான் இழுத்தது. அது இருக்கிறதா என்று சரிபார்க்கக்கூட அவனுக்கு வழி இல்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வகுப்பை நடத்தி வருகிறேன். ஓவிய ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வீட்டிலேயே ஏதாவது செய்ய விரும்பும் தாய்மார்கள் எனப் பலர் எப்படித் தொடங்குவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக, காவிரிப் பாசனப் பகுதியில் கிடைக்கும் பொருள்களையும் இங்கு வாழும் கைத்தொழில்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில்: எவ்வளவு தெரிகிறது என்று கேளுங்கள்

பார்வைக் குறை என்றாலே முழு இருட்டு என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அப்படி இருக்கும் குழந்தைகள் குறைவு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, கண்ணாடி போட்டும் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்குக் கீழ் இருந்தால் அது பார்வையின்மை. மற்றவர்கள் 60 மீட்டரில் காண்பதை இந்தக் குழந்தை 3 மீட்டருக்குள் வந்தால்தான் காணும் என்று பொருள். பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, 10 பாகைக்குள் சுருங்கியிருந்தாலும் சட்டத்தில் அது பார்வையின்மைதான். ஆகவே சான்றிதழில் பார்வையற்றவர் என்று எழுதியிருக்கும் குழந்தைக்கும் வெளிச்சம், நிழல், அடர்ந்த நிறம் ஆகியவை தெரியலாம்.

பெற்றோரிடம் நோயின் பெயரைக் கேட்பதைவிட நடப்பதைக் கேளுங்கள். சாப்பிடும்போது தட்டை எவ்வளவு நெருக்கமாக வைத்துக்கொள்கிறான்? அந்தி நேரத்தில் தடுமாறுகிறானா? வெயிலில் கண்ணைச் சுருக்குகிறானா? தலையைச் சாய்த்துப் பார்க்கிறானா? அந்தியில் தடுமாறும் குழந்தைக்குப் பெரும்பாலும் நல்ல வெளிச்சம் வேண்டும். பார்வைப் புலம் குறுகியவனுக்குப் பெரிய தாளைவிடச் சிறிய தாளே வசதி. தோலும் முடியும் வெளுத்துப் பிறந்த குழந்தைக்கு வெளிச்சம் முள்ளாகக் குத்தும். அவனை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், தொப்பி போட விடுங்கள். நடுப்பார்வை போனவன் கண்ணை ஓரமாகத் திருப்பித்தான் பார்ப்பான். அவனிடம் "நேராகப் பார்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். அவனுக்கு அதுதான் நேர்ப் பார்வை.

மஞ்சள் பல்பை மேலே தொங்கவிடுவதைவிட, இடம் மாற்றக்கூடிய மேசை விளக்கு ஒன்று உதவும். மின்விசிறியைப் பாடம் சொல்லும் நேரத்தில் நிறுத்திவிடுங்கள். தாள் பறப்பது ஒரு தொல்லை. அதைவிட, விசிறியின் இரைச்சலில் உங்கள் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது குழந்தைக்குக் குழம்பிவிடும்.

மேசையை நான்கு வீதியாக்குங்கள்

"இங்கே ஒட்டு", "அதை எடு" என்பவை இந்த வகுப்பில் பயனற்ற சொற்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரு திசைமொழி வேண்டும். கடிகார முள்ளை வைத்துச் சொல்வது பல இடங்களில் வழக்கம். ஆனால் முள் கடிகாரத்தைத் தொட்டே அறியாத குழந்தைகள் இப்போது நிறையப் பேர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்தது தேரோடும் வீதி. திருவாரூரானாலும் தஞ்சாவூரானாலும் கோயிலையோ அரண்மனையையோ சுற்றி நான்கு வீதிகள் உண்டு. தாத்தா தோளில் உட்கார்ந்தோ, அம்மா கையைப் பிடித்தோ தேர்ச் சத்தம் கேட்காத பிள்ளை இங்கே அரிது.

ஆகவே தாளின் எதிர்ப்புற விளிம்பு வடக்கு வீதி. வலப்பக்கம் கீழ வீதி. வயிற்றை ஒட்டிய விளிம்பு தெற்கு வீதி. இடப்பக்கம் மேல வீதி. வலப்பக்க அடிமூலையில் ஒரு புளியங்கொட்டையை ஒட்டிவிடுங்கள். அது தேர் நிலை. ஒரு தாளையோ பலகையையோ புதிதாகக் கையில் வாங்கும் குழந்தை அங்கிருந்து புறப்பட்டுத் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு என்று விளிம்பைத் தடவி மறுபடி நிலைக்கு வர வேண்டும். அதற்குள் தாள் எவ்வளவு பெரியது, எது ஓரம், எது நடு என்பது கைக்குத் தெரிந்துவிடும். வேலை நடக்கும்போது ஒரு கை நிலையில் நங்கூரம் போட்டிருக்க, மறு கை உள்ளே போய் வரும். வழி தவறினால் நிலைக்கு வந்து மறுபடி புறப்படலாம்.

ஓர் எச்சரிக்கை. மேல வீதி என்றால் மேற்கு. நான் தொடக்கத்தில் "மேலே போ" என்று சொன்னபோதெல்லாம் பாதிப் பிள்ளைகள் இடப்பக்கம் போனார்கள். இப்போது "வடக்கே போ" என்றுதான் சொல்கிறேன்.

பொருள்களுக்கும் நிலையான இடம் வேண்டும். விளிம்பு உயர்ந்த தாம்பாளம் ஒன்றை ஆளுக்கு வையுங்கள். அடியில் ஈரச் சாக்கை விரித்தால் நகராது, உருண்டை எதுவும் தரைக்கு ஓடாது. சிறு பொருள்களுக்கு நான் கண்ட சிறந்த பெட்டி பல்லாங்குழி. ஏழேழாகப் பதினான்கு குழிகள். மணி, விதை, நூல் துண்டு, சாயம் என்று வரிசை ஒருமுறை பழகிவிட்டால், யாரையும் கேட்காமல் மூன்றாம் குழிக்குக் கை போகும். அந்த வரிசையைக் குழந்தையிடம் சொல்லாமல் மாற்றாதீர்கள். நம் வீட்டு அடுப்படியில் உப்பு ஜாடியை யாராவது இடம் மாற்றி வைத்தால் எப்படி இருக்கும்?

கையைப் பிடிக்காதீர்கள், கையைக் கொடுங்கள்

எதிரில் வந்து நிற்கும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள். விலகும்போது "போகிறேன்" என்று சொல்லுங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். பார்வையில்லாத குழந்தைக்குக் கைதான் கண். பின்னாலிருந்து வந்து அதைப் பிடித்து இழுப்பது, நம் முகத்தைப் பிடித்துத் திருப்புவது போன்ற செயல்.

ஒரு அசைவைக் காட்ட வேண்டும் என்றால் உங்கள் கையைக் கீழே வைத்து, குழந்தையின் கை அதன்மேல் இருக்கும்படி விடுங்கள். நீங்கள் மண்ணை உருட்டும்போது அவள் விரல்கள் உங்கள் புறங்கையின்மேல் சவாரி செய்யும். விருப்பம் இல்லையென்றால் எடுத்துக்கொள்வாள். போதுமான அளவு புரிந்ததும் விரல்கள் தாமாகவே கீழே நழுவி மண்ணைத் தேடும். அந்த நொடியில் உங்கள் கையை மெல்ல உருவிக்கொள்ளுங்கள்.

சில குழந்தைகள் ஈரமானதை, பிசுபிசுப்பானதைத் தொடவே மறுப்பார்கள். அடம் என்று எண்ணாதீர்கள். என்னவென்று தெரியாத ஒன்றுக்குள் கையை விடச் சொன்னால் யாருக்கும் பயம்தான். ஒரு குச்சியால் குத்திப் பார்க்கட்டும், முகர்ந்து பார்க்கட்டும், விரல் நுனியால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போகட்டும். ஒரு பெண் ஆறு வாரம் மண்ணைத் தொடவில்லை. ஏழாவது வாரம் மற்றப் பிள்ளைகள் தாம்பாளத்தில் மண்ணை அறையும் சத்தத்தைக் கேட்டு, தானும் அறைய வேண்டும் என்று கேட்டாள்.

பேச்சில் பார், பார்த்தாயா என்ற சொற்களைத் தவிர்க்க வேண்டாம். குழந்தைகளே "நேற்று மாமா வீட்டைப் பார்த்தேன்" என்றுதான் சொல்வார்கள்.

மண்ணிலிருந்து தொடங்குங்கள்

தாளும் பென்சிலும் பிறகு வரட்டும். முதல் மூன்று மாதம் மண்தான். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மண்ணில் செய்ததைச் செய்தவரே கையால் சரிபார்க்கலாம், பிடிக்காவிட்டால் கலைத்துவிட்டு மறுபடி செய்யலாம். நம் ஆற்று வண்டலைப் போன்ற மண் எத்தனை ஊருக்குக் கிடைக்கும்?

மண்ணை மண்பாண்டம் செய்கிறவர்களிடம் வாங்குங்கள். எந்தக் குளத்து மண் வெடிக்கும், எது வெடிக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். வாங்கிச் சேர்க்க நல்ல காலம் கோடை. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கடைமடை வரை வந்துவிட்டால் ஈர மண்ணைத் தூக்குவதே பெரும்பாடு. மண்ணை நன்றாகக் காயவைத்து, தட்டிப் பொடியாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, சல்லடையில் வடிகட்டுங்கள். இந்த வடிகட்டலை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். வயல்பக்கத்து மண்ணில் நத்தையின் ஓடும், கருவேல முள்ளும், கண்ணாடிச் சில்லும் இருக்கும். விரல் நுனியில் ஒரு வெட்டு விழுந்தால் அந்தக் குழந்தைக்குப் பத்து நாள் பிரெய்ல் படிப்பும் போய்விடும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய குழம்பைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் கெட்டியாக்குங்கள். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மெல்லிய ஆற்று மணல் சேர்த்துப் பிசைந்தால் காயும்போது விரிசல் குறையும். சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமான பதம் போதும். பிசையும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். ஈர மண்ணின் வாசனை எழும்பும்போது கூடமே கலகலப்பாகிவிடும்.

பாடங்களை இந்த வரிசையில் நடத்துகிறேன். முதலில் உருண்டை: எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு, கடலை அளவு. அளவுகளை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். அடுத்து கயிறு: முறுக்கு மாவைப் போல உருட்டி நீட்டுவது, பிறகு அதைச் சுருட்டி அடுக்கிக் கிண்ணமாக்குவது. அடுத்து உருண்டையின் நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி அகல் செய்வது. சுவரின் கனம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்பதைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அளந்து சொல்லும். இதில் பார்வையுள்ள பிள்ளைகளைவிட இவர்கள் சீக்கிரம் தேர்ந்துவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அகல் வந்துவிட்டால் திருக்கார்த்திகைக்கு ஆளுக்கு ஐந்து விளக்கு செய்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம்.

இரண்டு துண்டுகளை ஒட்டுவதைத் தனிப் பாடமாக வையுங்கள். ஒட்டும் இரண்டு பரப்பிலும் குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, கூழ் மண் தடவி, அழுத்தி, இணைப்பை விரலால் வழித்துவிட வேண்டும். இதைச் சரியாகச் சொல்லித்தராவிட்டால் காய்ந்ததும் கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் கழன்று விழும். தன் வேலை தனித்தனித் துண்டாகக் கிடப்பதைக் கையால் கண்டுபிடிக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாது. உருவம் விரல் கனத்துக்கு மேல் தடிமனாக இருந்தால் உள்ளே குடைந்துவிடுங்கள். நிழலில் காயவையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரமானாலும் காயாது. அந்த இரண்டு மாதமும் மண் வேலையைக் குறைத்துக்கொண்டு நூலுக்கும் ஓலைக்கும் போய்விடுவது நல்லது.

உருவங்கள் செய்யும் கட்டம் வந்ததும், செய்யப் போகும் பொருளை முதலில் முழுமையாகத் தொட வாய்ப்புக் கொடுங்கள். மாடு செய்யச் சொல்கிறோம். ஆனால் அந்தக் குழந்தை மாட்டின் கழுத்துக் கயிறையும் வயிற்றையும் தவிர வேறெதையும் தொட்டிருக்க மாட்டாள். நாங்கள் ஒரு சாதுவான கன்றுக்குட்டியை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்ள, மூக்கிலிருந்து தொடங்கி, நெற்றி, காது, திமில், முதுகு, வால், பிறகு கால்கள் வழியாக மறுபடி மூக்கு வரை, தேர் சுற்றுவது போலத் தொட்டு வந்தோம். அவசரப்படுத்தவில்லை. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஆனது. வகுப்புக்குத் திரும்பி வந்து ஒரு சிறுமி செய்த கன்றுக்கு நாக்கு காலைவிட நீளம். அவள் கையை அது நக்கியிருந்தது. "உப்புத்தாள் மாதிரி இருந்தது சார்" என்று சொல்லிக்கொண்டே அந்த நாக்கின்மேல் ஈர்க்குச்சியால் சொரசொரப்பு வைத்தாள்.

அந்த நாக்கைச் சிறிதாக்கச் சொல்லியிருந்தால் நான் ஆசிரியனே அல்ல. வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளிடம் மண் வேலை நடத்திய விக்டர் லோவன்ஃபெல்ட் இதைத்தான் கண்டு எழுதினார்: தொட்டும் உணர்ந்தும் உலகை அறிகிறவர்கள் தங்களுக்கு முக்கியமாகப் பட்ட பகுதியைப் பெரிதாக்குகிறார்கள். அவர் எழுதியது 1930-களில். இன்றும் நம் கண்காட்சிகளில் பிள்ளைகள் செய்த பொம்மையை ஆசிரியர் திருத்தி, மூக்கை ஒழுங்காக்கி, வர்ணம் அடித்து வைப்பதைக் காண்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தை மறுபடி அதைத் தொடும்போது தன் கைத்தடம் காணாமல் போனதை உடனே அறிந்துகொள்ளும்.

கோடு கைக்கு எழும்ப வேண்டும்

வரைவதற்கு வரும்போது, போட்ட கோடு அப்போதே விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் ஒரே விதி. மூன்று வழிகள் மலிவானவை.

கொசுவலைக் கம்பியை ஒரு தடித்த அட்டையின்மேல் இறுக்கி, விளிம்பில் கை கிழியாதபடி துணி நாடா ஒட்டுங்கள். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து கிரேயானால் அழுத்தி வரைந்தால் கோடு சொரசொரவென்று எழும்பும். இது என் முதல் தேர்வு. இரண்டாவது, பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி விரித்து ஒட்டிய பலகை. அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் பரப்பி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கீறினால் அதே பக்கத்தில் கோடு புடைக்கும். எல்லாத் தாளும் இதற்கு ஒத்துவராது. வாங்கும் முன் இரண்டு மூன்று வகையில் கிறுக்கிப் பாருங்கள். மூன்றாவது, நீங்கள் முன்கூட்டிச் செய்து வைப்பதற்கு: ஃபெவிகால் கோட்டின்மேல் சணல் நூல். இரவு முழுக்கக் காய வேண்டும்.

கோடுகளுக்கு இடையில் இடம் விடுங்கள். பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடைவெளி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். அதற்குள் நெருங்கினால் பழகிய விரலுக்கே இரண்டு கோடு ஒன்றாகத் தோன்றும். குழந்தைகளுக்கு அரை சென்டிமீட்டராவது வையுங்கள்.

இங்கே பலர் செய்யும் பிழை, பெரிய கோயில் விமானத்தின் புகைப்படத்தை எடுத்து விளிம்புக்கோட்டைப் புடைப்பாக்கிக் கொடுப்பது. தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் வடிவம் அது. விமானத்தை மண்ணில் அடுக்கடுக்காகக் கட்டித் தொட்ட பிறகு கோட்டுப் படம் கொடுத்தால் பொருள் விளங்கும். வரைகோடு பார்வையற்றவர்களுக்குப் புரியாது என்ற எண்ணமும் தவறு. டொராண்டோவைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் கென்னடி, பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களும் புடைப்புக் கோட்டுப் படத்தை அடையாளம் காண்பதையும், தாங்களே பொருள்களை வரைவதையும் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1993-இல் நூலாக வெளியிட்டார். மேசையை வரையச் சொன்னால் பலகையை நடுவில் போட்டு நான்கு காலையும் நான்கு வீதிக்கும் மடித்து விரித்து வரைவார்கள். மேசைக்கு நான்கு கால் என்பதை அந்தப் படம் மறைக்காமல் சொல்கிறது. அதைத் தவறு என்று திருத்த வேண்டியதில்லை.

கோட்டுப் பாடத்துக்கு நம் வீட்டு வாசலிலேயே ஒரு பாடநூல் இருக்கிறது: சிக்குக் கோலம். அட்டையில் புளியங்கொட்டைகளைப் புள்ளியாக ஒட்டி, முதலில் ஒன்று, மூன்று, ஒன்று என்று வைத்து, சணலை ஒவ்வொரு கொட்டையையும் வளைத்து ஓட விடுங்கள். நூல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். கண்ணால் கோலம் போடுகிறவர்கள்கூடப் பாதி வழியில் தொலைந்துபோவதுண்டு. விரலால் தொடர்கிறவள் தொலைவதில்லை, ஏனென்றால் அவள் நூலின்மேலேயே போகிறாள். ஒரு மாணவி நான்கு மாதத்தில் ஏழு புள்ளிக் கோலம்வரை வந்தாள். மார்கழியில் அவளுடைய பாட்டி அதைப் பார்த்துத்தான் வாசலில் போட்டார். மாவு கொண்டு தரையில் போடும் கோலத்தைத் தொட்டால் கலைந்துவிடும் என்பதால், இவள் தனக்கு மட்டும் மாவோடு பசை கலந்து அட்டையில் போட்டு வைத்துக்கொள்கிறாள்.

கத்தரியும் ஓலையும்

தாளை வெட்டவும் கிழிக்கவும் கற்றுக்கொடுங்கள். முனை மழுங்கிய கத்தரி போதும். சாந்திநிகேதனின் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980) சிறு வயது முதலே பார்வைக் குறையோடு வரைந்தவர். 1950-களின் பிற்பகுதியில் கண் அறுவைக்குப் பிறகு பார்வை முழுதும் போனது. அதன் பிறகும் அவர் வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் படங்கள் செய்தார், ஓடு பதித்துச் சுவரோவியம் ஒன்றும் அமைத்தார். பெற்றோரிடம் நான் முதலில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

தென்னோலையில் கிளி, பாம்பு, காற்றாடி செய்யத் தெரிந்த பெரியவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அழைத்து வாருங்கள். வாழைநாரில் பூத் தொடுக்கும் அம்மாவையும் அழைத்து வாருங்கள். கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே தொடுக்கிற கைகள் அவை. அந்தக் கைகளின்மேல் குழந்தையின் கை இருக்கட்டும்.

நிறம்

நிறம் காணாத குழந்தைக்கு நிறம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிச் சீருடையும், கட்சிக் கொடியும், பழுத்த மாம்பழமும் பற்றிப் பேசும் உலகத்தில்தான் அவனும் வாழ்கிறான். பச்சைக்கு நாற்றங்கால், மஞ்சளுக்கு அறுப்புக்கு நிற்கும் கதிர் என்று நம் வயலே ஆறு மாதத்தில் நிறம் மாறுவதைச் சொல்லலாம். நாற்றைத் தொட்டால் ஈரமும் குளிர்ச்சியும். கதிரைத் தொட்டால் சொரசொரப்பும் சலசலப்பும். சாயத்திலும் வேறுபாடு வைக்கலாம்: சிவப்பில் மெல்லிய மணல், நீலத்தில் ரவை, வெள்ளையில் ஒன்றும் வேண்டாம். எந்த நிறம் எதற்கு என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். நீல மாடு கேட்டால் நீல மாடு.

கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு வேறுபாடு பளிச்சென்று இருக்க வேண்டும். கறுப்புத் துணியின்மேல் வெள்ளை அல்லது மஞ்சள். பளபளக்கும் தாளும் கண்ணாடிச் சட்டமும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், தவிருங்கள்.

மூன்று ஆபத்துகள். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்று ஆசைப்பட்டுச் சுண்ணாம்பை வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். அது கண்ணைப் பொசுக்கும். பார்வைக் குறையுள்ள குழந்தைகளில் சிலருக்குக் கண்ணை விரலால் அழுத்திக்கொண்டே இருக்கும் பழக்கம் உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடேறும். அதில் கையை அழுத்தி அச்சு எடுக்கவே கூடாது. கண் அழுத்த நோய் அல்லது விழித்திரைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தலையில் அடிபடக் கூடாது. மேசை விளிம்பில் பழந்துணி சுற்றுங்கள்.

வெளியே அழைத்துப் போகும்போது

சுவாமிமலை செல்லுங்கள். சிற்பக்கூடத்தில் முன்கூட்டியே பேசி அனுமதி பெற்று, உலோகம் வார்ப்பதற்கு முந்தைய கட்டத்தைத் தொடக் கேளுங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துச் செய்த உருவம், அதன்மேல் பூசும் காவிரி வண்டல், மெழுகு உருகி ஓடியபின் உள்ளே வெற்றிடமான கூடு, கடைசியில் கனக்கும் சிலை என நான்கையும் வரிசையாகக் கையில் கொடுத்தால் வார்ப்பு முழுவதும் விளங்கிவிடும். அங்கே உருவத்தின் அளவைத் தென்னோலை நறுக்கை மடித்து மடித்துப் பிரிப்பார்கள். அதைக் கண்டிப்பாகக் கற்று வாருங்கள். அளவுகோலில் எண் படிக்க வேண்டியதில்லை. ஓலையை இரண்டாக மடித்தால் பாதி, மறுபடி மடித்தால் கால். முகம் இத்தனை மடிப்பு, உடல் இத்தனை மடிப்பு என்று என் மாணவர்கள் இப்போது ஓலையால்தான் அளக்கிறார்கள்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் அப்படியே. அடித்தட்டு, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம். கழற்றிப் பிரித்து மறுபடி திருகிச் சேர்க்கலாம். தஞ்சாவூர் ஓவியத்தில் முடிந்ததைவிட முடியாததைக் கேளுங்கள். தங்கத் தாள் ஒட்டுவதற்கு முன், பொடியும் பசையும் கலந்து எழுப்பிய புடைப்பு வேலை விரலுக்கு அவ்வளவு தெளிவாகப் படிக்கக் கிடைக்கும். தலையாட்டி பொம்மையைக் கையில் கொடுத்து, சாய்த்தால் ஏன் நிமிர்கிறது என்று அடியின் கனத்தைத் தேடச் சொல்லுங்கள்.

தாராசுரம் போன்ற கோயில்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. பிள்ளைகளுக்காகத்தான் என்று சிற்பங்களைத் தடவ விடாதீர்கள். அங்கே யானைக்கும் காளைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் உண்டு. அதைப் பார்த்து நான் மண்ணில் ஒரு பிரதி செய்து வகுப்பில் வைத்தேன். ஒரு பக்கத்து உடலைக் கையால் மூடிக்கொண்டால் யானை, மறு பக்கத்தை மூடினால் காளை. என் வகுப்பில் அதிக நேரம் கைமாறிய பொருள் அதுதான்.

வேலைகளை வைப்பதும் காட்டுவதும்

ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் அடையாளம் கொடுங்கள்: அடியில் ஒரு நெல் பதித்தால் ஒருத்தி, இரண்டு நெல் என்றால் இன்னொருவன். அலமாரியில் தன் வேலையைத் தானே தேடி எடுக்க முடியும். உயரத்தில் அடுக்கி வைக்காதீர்கள், கைக்கு எட்ட வேண்டும்.

கண்காட்சி வைத்தால் வருகிறவர்களையும் தொடச் சொல்லுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு தொடும் விளையாட்டு வேண்டாம். அது பிள்ளைகளின் வாழ்க்கையை ஐந்து நிமிட வேடிக்கையாக்கிவிடுகிறது. பெயர்ச் சீட்டைத் தமிழ் எழுத்திலும் பிரெய்லிலும் வையுங்கள். பிரெய்லில் அடிக்க உங்கள் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரைக் கேட்டால் உதவுவார். "இந்த நிலையிலும் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறது" என்று யாராவது தொடங்கினால், நாக்கை ஏன் இத்தனை நீளமாக வைத்தாள் என்று அவளிடமே கேட்கச் சொல்லி அவர்களைத் திருப்பிவிடுங்கள். அவள் சொல்வாள்.

வாசலில் ஒரு குவளைத் தண்ணீரும் துண்டும் இருக்கட்டும், தொடுகிறவர் கை சுத்தமாக இருக்க வேண்டும். சுடாத மண் என்றால் மாலைக்குள் இரண்டு மூன்று உடையும். உடைந்த துண்டுகளைக் குழந்தைக்குத் தெரியாமல் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். எடுத்து அவள் கையிலேயே கொடுங்கள், மேசைக்கு அடியில் ஃபெவிகால் டப்பாவும் ஒன்று வைத்திருங்கள்.